நூல் சுமந்தவரும் பொன்னாடை சுமப்பவரும்

சிற்றூர்ப் பெருவீதியில் ஒரு திருமண மண்டபம். வாயிலில் ஆளுயரப் பதாகை. நூலின் அட்டை அதன் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்க, எஞ்சிய இடமெல்லாம் வாழ்த்துவோர் முகங்கள். உள்ளே மேடையில் பதினான்கு நாற்காலிகள். எதிரே அமர்ந்திருப்போர் தொகை அதனினும் சற்றே மிகுதி. முதற்படியை வெளியிடுவார் ஒருவர், பெற்றுக்கொள்வார் ஒருவர், இருவருக்கும் நடுவே நின்று ஒளிப்படக் கருவியை நோக்குவார் அறுவர். பொன்னாடைகள் தோளுக்குத் தோள் மாறுகின்றன. பேசுவோருள் நூலைப் படித்து வந்தவர் ஒருவரேனும் உளரா என்பது ஐயம். இரவுச் சிற்றுண்டியோடு விழா முடிகிறது. புதினத்தின் வாழ்வும் அத்துடன் முடிகிறது. அச்சிட்ட ஐந்நூறு படிகளுள் நானூற்றுக்கு மேல் ஆசிரியர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் துயில்கொள்ளப் போகின்றன. கறையானுக்கு மட்டும் அது விழாநாள்.

இத்தகைய கூட்டங்கள் தமிழ்நாட்டில் நடவாத கிழமை இல்லை. வாழ்நாள் வைப்பைக் கரைத்து நூலை அச்சிடும் எழுத்தாளர், அச்சுக்கூலிக்குச் செலவிட்டதில் பாதியை மண்டபத்திற்கும் மாலைக்கும் இறைக்கிறார். படிப்பவனைத் தேடிச் செல்வதற்கென்று ஒரு பேருந்துச் சீட்டின் விலையைக்கூட ஒதுக்குவதில்லை. பிறமொழிச் சொல் கலவாத நடையில் கதை எழுதும் நல்லன்பர்களும் இதில் பிறர்க்குப் பின்தங்கியவர் அல்லர் என்பதுதான் வருத்தம். தமிழன் நூல் வாங்குவதில்லை என்று பழிகூறுவது எளிது. அவன் வீட்டுக் கதவைத் தட்டி நூலை நீட்டியவர் யார்?

நீட்டியவர் ஒருவர் இருந்தார். அவரைத் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நிலக்கோட்டையிலிருந்து மேற்கே பத்துக் கல் தொலைவிற்குள், இதே வட்டத்தில், வத்தலக்குண்டு இருக்கிறது. வெற்றிலையால் பெயர்பெற்றது என்று சொல்லப்படும் அச்சிற்றூர், தமிழ்க் கதையுலகிற்கு மூவரைத் தந்தது. 1872இல் பிறந்த இராசமையர் முதல்வர். 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' இதழில் அவர் தொடராக எழுதிய கமலாம்பாள் கதை 1896இல் நூலாயிற்று. தமிழின் முதற் புதினங்களுள் ஒன்று அது. இருபத்தாறாம் அகவையில் அவர் மறைந்தார். அடுத்தவர் 1905இல் பிறந்த பி. எசு. இராமையா. 1935 முதல் 'மணிக்கொடி'யைச் சிறுகதைக்கென்றே நடத்தி, பெயர் தெரியாதிருந்த இளைஞர் பலரை எழுதவைத்தவர். மூன்றாமவர் சி. சு. செல்லப்பா. 1912இல் சின்னமனூரில் பிறந்து வத்தலக்குண்டில் வளர்ந்தவர். ஊர்ப்பெயரைத் தம்மோடு சுமந்தவர். ஊர்ப்பெயரினும் மிகுதியாக நூல்களைச் சுமந்தவர்.

சுமந்தவர் என்பது அணியன்று, உள்ளபடியே சுமந்தார். சென்னைத் திருவல்லிக்கேணியில் இருந்துகொண்டு 1959 சனவரியில் 'எழுத்து' என்னும் இதழைத் தொடங்கினார். செய்தித்தாள் நிறுவனமோ செல்வர் துணையோ அவர் பின்னால் இல்லை. இதழோடு நூல்களும் வெளியிட்டார். அவற்றை விற்கக் கடைக்காரரை நம்பியிராமல், பைகளில் அடைத்துத் தோளிலும் கையிலும் தூக்கிக்கொண்டு, கல்லூரி கல்லூரியாக, ஊர் ஊராக நடந்தார். வேட்டியும் சட்டையுமாக ஒரு முதியவர் தமிழ்த்துறை வாயிலில் வந்து நின்று, பையைத் திறந்து நூல்களை எடுத்து வைப்பார். வாங்குவோர் வாங்கினர், வேண்டா என்றோரும் உண்டு. வேண்டா என்றவரோடும் அமர்ந்து சிறுகதை எப்படி அமைய வேண்டும் என்று வாதிட்டுவிட்டே எழுந்தார் என்பர் அவரை அறிந்தோர். அவர் கொண்டுசென்றவை தம் நூல்கள் மட்டுமல்ல; பிச்சமூர்த்தியின் 'காட்டு வாத்து', இருபத்துநால்வர் பாக்களைத் தொகுத்த 'புதுக்குரல்கள்' ஆகிய 1962ஆம் ஆண்டு நூல்களும் அந்தப் பைகளில் இருந்தன. பிறர் நூலையும் தம் தோளில் சுமப்பவர் இன்று எத்துணைப் பேர்?

தொடர்பு வளர்ப்பது என்று இக்காலத்தார் சொல்கிறார்களே, அதனை அவர் வேறு வகையில் செய்தார். ஆள்வோர் வாயிலிலும் திரைப்படக்காரர் முற்றத்திலும் அவர் தொடர்பு தேடவில்லை. ஓர் அஞ்சலட்டை போதுமானதாக இருந்தது. ஈழத்துத் திருகோணமலையிலிருந்து, இருபது அகவையைச் சுற்றி நின்ற தருமு சிவராமு எழுதினார். வடக்கே அரசுப் பணியில் இருந்த வெங்கட் சாமிநாதன் எழுதினார். முகமறியாத அவ்விளைஞர்களின் எழுத்து தக்கது எனக் கண்டதும் இதழில் பக்கங்களைத் திறந்துவிட்டார். 1970 வரை வெளிவந்த 119 இதழ்களில் பின்னாளில் பெயர்பெற்ற பலர் முதன்முதலாகத் தலைகாட்டினர். தம்மைப் புகழ்வாரைத் தேடியவர் என்றால் இப்படி ஒரு கூட்டம் அமைந்திராது. அவர்களுள் சிலர் பின்னர் அவரையே கடுமையாக எதிர்த்து எழுதினர்!

இங்கே தனித்தமிழன்பர் ஒருவர் குறுக்கிட்டு, "செல்லப்பாவின் நடையில் வடசொல் மலிந்து கிடக்கிறதே, பா மரபை உடைத்ததும் அவர் இதழ்தானே, அவரையா எடுத்துக்காட்டுவது?" எனக் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். அவர் இதழின் பெயர் தூய தமிழாக இருந்ததுபோல் உள்ளிருந்த உரைநடை இருந்ததில்லை. யாப்பைக் கைவிட்டோர்க்கு அவர் கொடுத்த இடம் மரபறிந்தார்க்கு உவப்பானதன்று. ஆயின் ஒன்று காண்க. 'வாடிவாசல்' என்னும் குறும்புதினத்தில் அவர் என்ன செய்தார்? தந்தையைக் குத்திக் கொன்ற காரி என்னும் காளையை அடக்க வரும் பிச்சியின் கதை அது. ஏறுதழுவலின் களத்தை, அக்களத்தில் நிற்பார் வாய்ச்சொற்களாலேயே கட்டியெழுப்பினார். வாடி, திமில், அணைதல் என்று மதுரை, திண்டுக்கல் சீமையின் உழவர் நாவில் வாழும் சொற்கள் அங்கே ஏட்டில் ஏறின. அகரமுதலிக்குச் சொல் தேடுவோர்க்கு அஃதொரு சுரங்கம். நடையைப் பற்றிய சண்டையை அவரோடு போட்டுக்கொண்டே, நடந்த நடையை அவரிடம் கற்பதில் இழுக்கில்லை.

தன் நூலைத் தானே விற்பது புலவனுக்குத் தகுமா என்பது அடுத்த தடை. இதற்கு விடை ஐரோப்பியரிடம் இல்லை, பவணந்தியாரிடமே இருக்கிறது. அரிய பல நூல்களை ஆக்கி முடித்தவனாயினும் தன்னைத் தான் புகழ்தல் தகாது என்று நன்னூற் பாயிரம் முதலில் கதவைச் சாத்துகிறது. உடனே நான்கு இடங்களில் அதனைத் திறந்தும் விடுகிறது: அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதாரிடையே நிற்கும்போது, அவையில் வென்றாக வேண்டிய பொழுதில், எதிரி தன்னைப் பழிக்கும்போது. இந்நான்கனுள் இரண்டாவதைப் பாருங்கள். புதிய புதின ஆசிரியன் எவனுக்கும் அவன் ஆற்றலை அறியாதாரே உலகம் முழுதும். அவர்களிடம் சென்று, இதனை எழுதியவன் யான், இதிலுள்ளது இன்னது எனக் கூறுவதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இலக்கணம் இசைவு தந்துவிட்டது. தந்தும் நாணிக் கிடப்பது அடக்கமன்று, சோம்பல்.

அதே பாயிரம் அணிந்துரைக்கும் வரம்பு கட்டியிருக்கிறது. நூலுக்குச் சிறப்புப் பாயிரம் செய்யத் தக்கார் நால்வர்: ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், தகுந்த உரைகாரன். நால்வரும் நூலையும் நூலாசிரியனையும் உள்ளும் புறமும் அறிந்தவர். நால்வருள் அமைச்சர் இல்லை, திரைப்பாட்டுக்காரர் இல்லை, வட்டிக்கடை உரிமையாளரும் இல்லை. இன்றைய புதினங்களின் முன்பக்கங்களைப் புரட்டுங்கள். நான்கு அணிந்துரை, மூன்று வாழ்த்துரை, இரண்டு பாராட்டுரை. கதை இருபத்தேழாம் பக்கத்தில் தொடங்குகிறது. அவ்வுரைகளில் நூலின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு நூலின் பெயரை ஒட்டினால் ஒரு சொல்லும் இடறாது. படிக்காமலே எழுதித் தருவோரும், படிக்கவில்லை என அறிந்தே வாங்கி அச்சிடுவோரும் சேர்ந்து படிப்பவனை ஏய்க்கிறார்கள். ஒருமுறை ஏமாந்தவன் மறுமுறை கடைக்கு வருவானா?

பரிசில் பெறுவதிலும் ஒரு முறைமை இருந்தது. அதியமான் நெடுமான் அஞ்சி தன்னைக் காணாமலே பொருளைக் கொடுத்தனுப்பியபோது, பெருஞ்சித்திரனார் என்னும் சங்கப் புலவர் அதனைத் தொடவில்லை. என்னை அறிந்து, என் கல்வியை ஆய்ந்து, தினையளவு தந்தாலும் கொள்வேன். காணாது தருவதைக் கொள்ளும் வாணிகன் அல்லேன் என்னும் பொருள்பட அவர் பாடியது புறநானூற்றில் 208ஆம் பாட்டாக நிற்கிறது. செல்லப்பாவிடமும் இந்தச் செருக்கு இருந்தது. அமெரிக்கத் தமிழர்கள் நடத்தும் 'விளக்கு' அமைப்பு விருது தர முன்வந்தபோது, தொகையைத் தமக்கென வாங்க மறுத்து, அதைக்கொண்டு நூல் அச்சிடச் சொன்னார். அகவை எண்பத்தைந்தை நெருங்கிய நிலையில், விடுதலைப் போராட்டக் காலத்தைப் பற்றிய தம் பெரும்புதினத்தை மூன்று பகுதிகளாகத் தாமே வெளியிட்டார். 1998 திசம்பரில் மறைந்தார். சாகித்திய அக்காதெமிக்கு அப்புதினம் கண்ணில் பட்டது 2001இல்! பரிசு பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

இன்று விருதுகளின் தொகை விருதாளர் தொகையை மிஞ்சி நிற்கிறது. விண்ணப்பத்தோடு நூற்படிகள் ஐந்தும் நுழைவுக் கட்டணமும் கேட்டு வாங்கி விருது வழங்கும் அமைப்புகள் ஊர்தோறும் முளைத்திருக்கின்றன. கட்டணம் செலுத்திப் பெறுவதற்குப் பெயர் பரிசிலா? முகநூலிலும் புலனத்திலும் வேறொரு வாணிகம் நடக்கிறது. இவர் நூலை அவர் புகழ்வார். அவர் நூலை மறுநாள் இவர் புகழ்வார். கைமாற்றுக் கடன்போலக் கணக்கு வைத்துத் திருப்பித் தருகிறார்கள். கருவியைக் குற்றஞ்சொல்வது பொருந்தாது. அஞ்சலட்டையைவிட விரைவானது, செலவில்லாதது, கனடாவிலும் மலேசியாவிலும் உள்ள தமிழன் கைக்கு ஒரு நொடியில் போய்ச்சேர்வது. செல்லப்பா கையில் அது கிடைத்திருந்தால் என்னென்ன செய்திருப்பார்! கிடைத்தவர்கள் அதில் தங்கள் பொன்னாடைப் படங்களை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

நூலக ஆணை என்று இன்னொரு கனவு உண்டு. அரசு நூலகங்களுக்கு வாங்கிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் அச்சிட்டுவிட்டு, ஆணை வரும் நாளை நோக்கிக் காத்திருப்பது. பதிப்பகங்கள் பலவும் இதனை நம்பியே மூச்சுவிடுகின்றன. ஆணை தவறினால் கணக்கு கவிழ்கிறது. ஆணை வந்தாலும், அடுக்கில் ஏறிய நூலை எடுப்பார் யார் என்பதைப் பற்றி எழுத்தாளருக்குக் கவலையில்லை. அரசு வாங்கிய நூல் படிக்கப்பட்ட நூல் ஆகிவிடாது.

பாரதியார் இதனை நூறாண்டுகளுக்கு முன்பே உணர்ந்தவர். 1920இல் தம் எழுத்துகள் அனைத்தையும் நாற்பது நூல்களாக்கி, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் படி அச்சிட்டுத் தமிழ்நாடெங்கும் பரப்பத் திட்டம் தீட்டி, நண்பர்களிடம் கடனாகப் பொருள் கேட்டு மடல் விடுத்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும்போல நூல் வீடுதோறும் விற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். எண்ணம் ஈடேறவில்லை, 1921இல் மறைந்தார். அதற்கும் முன்னே, பதிப்பாசிரியர்கள் நூல் அச்சேறுவதற்கு முன்பே வாங்குவோரிடம் கையொப்பம் பெற்றுப் பொருள் திரட்டியது தமிழ்நாட்டு வழக்கம். 1887இல் சிந்தாமணிப் பதிப்பு அவ்வாறே வெளிவந்தது. மறைமலையடிகள் பல்லாவரத்தில் தம் சொந்த அச்சகத்தில் நூல்களை அச்சிட்டு விற்றார். அவரும் 'குமுதவல்லி', 'கோகிலாம்பாள் கடிதங்கள்' எனக் கதை எழுதியவர் என்பதைத் தனித்தமிழன்பர் சிலர் மறந்தே விட்டனர். மு. வரதராசனார் 1946இல் 'செந்தாமரை'யைத் தாமே வெளியிட்டுத் தொடங்கினார். 'தாயக வெளியீடு' என்று தம் நூல்களுக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டு, விற்பனையைப் பாரி நிலையத்திடம் விட்டார். மணமக்களுக்குப் பரிசாக வரதராசனார் நூலைக் கொடுப்பது ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பங்களின் வழக்கமாகவே ஆயிற்று. ஓரளவு நல்ல தமிழில் எழுதினால் விற்காது என்று இனியும் எவரேனும் சொல்வாரா?

அண்டை மலையாள நாட்டில் வைக்கம் முகம்மது பசீர் தம் நூல்களைக் கையில் கொண்டு திரிந்து விற்றார். பின்னர் எர்ணாகுளத்தில் நூற்கடையே வைத்தார். 1945இல் கோட்டயத்தில் எழுத்தாளர்கள் ஒன்றுகூடிக் கூட்டுறவு அமைப்பொன்றை நிறுவினர். பிற பதிப்பாளர் தந்ததினும் மிகுதியான பங்கு எழுத்தாளன் கைக்கு வந்தது. கடல் கடந்தும் இதுவே. ஆங்கிலப் புதின ஆசிரியர் திக்கன்சு 1867இலும் 1868இலும் அமெரிக்க நகரங்களில் தம் கதைகளை மேடையேறிப் படித்துக்காட்டினார். கட்டணம் கொடுத்துக் கேட்க மக்கள் திரண்டனர். மார்க்கு துவெயினின் 1869ஆம் ஆண்டு நூல், கடைகளில் அன்றி, வீடுவீடாகச் சென்ற முகவர்களால் விற்கப்பட்டது. படித்துக்காட்டுவதும் தமிழனுக்குப் புதிதன்று. அவையில் படித்துக்காட்டி அரங்கேற்றாமல் நூல் வெளிப்படுத்தாத மரபு இது. அரங்கேற்றத்தை வெளியீட்டு விழாவாக மாற்றியபோது படிப்பதை மட்டும் விட்டுவிட்டார்கள்!

நிலக்கோட்டைப் பூச்சந்தையைப் பார்த்தவர்க்கு ஒன்று விளங்கும். இருள் பிரியும் முன்னே மல்லிகை அரும்பைப் பறித்து, மூட்டை கட்டி, விடிவதற்குள் சந்தையில் சேர்க்கிறாள் உழவர் வீட்டுப் பெண். பூ நன்றாக இருக்கிறது, வேண்டுவோர் தோட்டத்துக்கு வரட்டும் என்று அவள் இருந்தால் நண்பகலுக்குள் பூ வாடிவிடும். எழுத்தாளனுக்குள்ள வாய்ப்பு, அவன் பூ ஒருநாளில் வாடாது என்பது. அந்த வாய்ப்பே அவனுக்குக் கேடாயிற்று. நாளை பார்க்கலாம், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறான்.

கணக்கையும் பார்த்துவிடலாம். கடைக்காரர்க்கும் விற்பனையாளர்க்கும் விலையில் முப்பது முதல் நாற்பது விழுக்காடு வரை கழிவு தர வேண்டியிருக்கிறது. விற்ற பணம் திரும்ப ஓராண்டாகலாம், ஈராண்டாகலாம், வராமலும் போகலாம். 200 உருபா நூல் ஒன்றை எழுத்தாளரே கையில் கொண்டுசென்று விற்றால், அந்த 60 அல்லது 80 உருபா அவர் வழிச்செலவுக்கு ஆகும். ஒருநாள் பயணத்தில் பத்துப் படி விற்றால் பேருந்துக் கட்டணமும் உணவும் போக மிச்சமும் உண்டு. மண்டப வாடகையை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நூலாசிரியர் வீட்டு அம்மையார்க்கு எளிது, நூலாசிரியர்க்குத்தான் கடினம்.

நிலக்கோட்டை வட்டத்தில் மட்டும் எத்தனை பள்ளிகள்! ஒவ்வொன்றிலும் தமிழாசிரியர் உள்ளனர். ஊர்களில் கிளை நூலகங்கள் உள்ளன. திண்டுக்கல்லில் புத்தகத் திருவிழா நடக்கிறது. மதுரை அடுத்த ஊர்போல் அருகில் இருக்கிறது. தூய தமிழில் புதினம் எழுதியவர் ஒருவர் ஓர் அரைநாள் விடுப்பெடுத்து, பத்துப் படிகளோடு ஒரு பள்ளிக்குப் போய், மாணவர் முன் ஓர் இயலைப் படித்துக்காட்டட்டும். பொன்னாடை வேண்டா என்று முன்னரே சொல்லிவிடட்டும். அவருக்குப் பின்னால் வேறொரு தமிழன்பரின் நூலும் பையில் இருக்கட்டும். அவ்வாறு செல்வார்க்குத் தங்க இடமும் ஒருவேளைச் சோறும் தருவதற்கு ஊருக்கு ஒரு வீடேனும் தனித்தமிழ் இயக்கத்தில் இல்லாமலா போய்விட்டது? திங்கள்தோறும் கட்டணம் கட்டும் அன்பர்கள், ஆண்டுக்கு இரண்டு புதினங்கள் விலைகொடுத்தே வாங்குவோம், அன்பளிப்புப் படி கேட்கமாட்டோம் என்று உறுதி கொள்வார்களாயின், ஐந்நூறு படிகள் கட்டிலுக்கு அடியில் போகுமுன் முந்நூறேனும் வீடுகளுக்குள் புகுந்துவிடும்.

வத்தலக்குண்டுக்கே முதலில் செல்லலாம். நிலக்கோட்டையிலிருந்து பேருந்து இருக்கிறது. அங்குள்ள மாணவரிடம், இராசமையர் யார், இராமையா யார், செல்லப்பா யார் என்று கேட்டுப் பார்க்கட்டும். விடை வரவில்லையெனில், விற்பதற்கு எடுத்துச் சென்ற நூல்களோடு 'வாடிவாசல்' படியொன்றையும் அப்பள்ளி நூலகத்திற்குக் கொடுத்துவிட்டு, பிற்பகற் பேருந்தில் அடுத்த ஊருக்குப் போகட்டும்.